பெட்டிக்காரரும் ஒற்றைச் சாக்கெட்டும்

பெட்டிக்காரர் என்றொரு இனம் உண்டு. செர்பியாவில், புதிய பெல்கிரேட் பகுதியின் எந்த அடுக்குமாடி லிஃப்டிலும் அவரைப் பார்க்கலாம்: ஐம்பது வயது, கறுப்புச் சட்டை, கையில் போர்வை சுற்றிய ஏதோ ஒன்று. குழந்தையென்று எட்டிப் பார்த்துவிடாதீர்கள். தாளம் போடும் மின்பெட்டி, பழைய டிரம் மெஷின்.

துடைக்க மெல்லிய துணி, கீறாமலிருக்க உறை, குளிர் தாக்காமலிருக்கப் போர்வை, கோடை வெயிலுக்கு ஜன்னல் திரை என்று அதற்காக அவர் படுகிற பாட்டில் பாதியை மனிதர்களுக்காகப் பட்டால் எனக்கு வேலையே இருக்காது. கணினியில் இசையமைப்பவர்கள் என்றால் அவருக்கு இளக்காரம். "மவுஸத் தட்டுறவன்லாம் மியூசிக்காரனா? பட்டன அமுக்கி அமுக்கி விரல் வலிக்கணும்!" என்பார். பாட்டு எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். அது எப்போதும் அடுத்த மாதம் வரும்.

படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்க் கவனிப்பது என் தொழில். பெட்டிக்காரர் ராட்டோமிரின் அம்மா தெசாங்காவுக்கு இடுப்பு முறிந்து படுக்கை. முதுகு சிவந்திருந்தது, அப்படியே விட்டால் புண்ணாகிவிடும். காற்று மெத்தை கொண்டுபோனேன். மெத்தைக்கு மோட்டார், மோட்டாருக்கு மின்சாரம். அந்த அறையில் உயிரோடிருந்த சாக்கெட் ஒன்றுதான். அதில் ராட்டோமிரின் சாம்ப்ளர், ஒலிகளைப் பிடித்துவைத்துத் தாளமாக்கும் பெட்டி.

"அத மட்டும் தொடாதீங்க சிஸ்டர்! அணைச்சா உள்ள இருக்கிற தாளம் அழிஞ்சிடும். மூணு வாரமாப் பண்றேன்."

"சேமிச்சு வைக்கிறதுதானே?"

"அதுக்கு ஃப்ளாப்பி வேணும். ஜெர்மனியிலேர்ந்து ஒருத்தர் அனுப்புறேன்னிருக்கார்."

"அப்போ ஜங்ஷன் பாக்ஸ் போட்டு ரெண்டையும் சொருகுங்க."

"மோட்டார் இரைச்சல் தாளத்துல ஏறிடுமே!"

அந்த நேரம் பார்த்து எதிரணி வந்தது: மாடிவீட்டு சினிஷா, மடிக்கணினியோடு. அவரிடம் ஆயிரக்கணக்கில் டிரம் ஒலிகள் உண்டு. எதைப் போடுவதென்று இன்னும் முடிவாகவில்லை.

"இதெல்லாம் ஒரு பொழப்பாடா? எங்கிட்டன்னா ஒரே தட்டு, சேவ் ஆயிடும். காட்டுறேன் பாரு... அட, சார்ஜ் இல்ல. அந்த சாக்கெட்ட கொஞ்சம் விடு."

"உன் தகர டப்பாவுக்கு என் சாக்கெட்டா?"

இருவரும் இசையின் ஆன்மா எதில் குடியிருக்கிறது என்று விவாதித்தார்கள். காபி ஆறியது.

"டேய், யாராவது என்னைத் திருப்பிப் போடுங்கடா!" என்றார் தெசாங்கா.

"ஒரு நிமிஷம்மா" என்றார்கள் இருவரும், தாளம் பிசகாமல்.

பிளக்கைப் பிடுங்கினேன்.

சாம்ப்ளரின் சிவப்பு விளக்கு அணைந்தது. ராட்டோமிர் சாவு வீட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். சினிஷா ஆளுக்கொரு கிளாஸ் ரக்கியா பழச்சாராயம் ஊற்றி, செத்தவர்களுக்கு விடுவதுபோல் முதல் சொட்டைத் தரையில் விட்டார். துடைத்தது நான்.

மோட்டார் ஓடியது. மெத்தை மெல்ல எழும்பியது. தெசாங்கா நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு கரண்டியை எடுத்துத் தண்ணீர்க் கிளாஸில் தட்டினார். தும், தும்-தக, தும், தக்.

"இதானேடா? மூணு வாரமா என் காதுல இதத்தான ஊத்துற! எனக்கு மனப்பாடம். எழுதிக்கோ."

ராட்டோமிர் கண்ணை மூடிக் கேட்டார். ஒரு தட்டுகூடத் தப்பவில்லை. இருந்தும் துக்கத்தோடு தலையசைத்தார்.

"தாளம் சரிதாம்மா. ஆனா அந்தப் பெட்டியோட வெதுவெதுப்பு இல்ல."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களிடம்தான் டிரம் மெஷின் கிடையாதே. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உள்ளறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்களே, அவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?