கோர்னோவா முதலாம் லீக்குக்குப் போகிறது

பாலாம்பிகை வீட்டுக் குளியல்தொட்டி மூன்று வாரமாக வரவேற்பறையில் கிடந்தது. குடும்பம் முழுக்கத் துவாயும் சவர்க்காரமுமாக அடுத்த வீட்டுக் கஸ்பரிடம் குளிக்கப் போய்வந்தது. கஸ்பரும் இப்போதெல்லாம் மணி அடித்தால் கதவைத் திறக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

குளியலறைத் திருத்த வேலை எப்போது முடியும் என்பது குழாய் பூட்டும் போலந்துக்காரன் சிபியின் கையில் இருந்தது. அவனுடைய முழுப்பெயர் வாயில் நுழையாததால் பாலாம்பிகையே சுருக்கி வைத்த பெயர் அது. வேலையில் கெட்டிக்காரன். ஆனால் மனம் கோணினால் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று அவர்கள் இருக்கும் மோர்டன் முழுக்கப் பேச்சு.

அப்படிப்பட்டவன் அவள் செய்த கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, சனிக்கிழமைக்குத் தனக்கும் ஒன்று வேண்டும் என்றான். கடதாசியில் 'கோர்னோவா, 1 லிகா' என்று கிறுக்கிக் கொடுத்து, "நல்லதா ஏதாவது எழுதுங்க" என்று சிரித்துவிட்டுப் போனான்.

கோர்னோவா போலந்தில் ஒரு புட்போல் கிளப், அடுத்த சீசன் முதலாம் லீக்குக்குப் போகிறது என்று மகள் கௌசி போனில் தேடிச் சொன்னாள். பாலாம்பிகை வெள்ளிக்கிழமையே கேக்கை முடித்து, 'வாழ்த்துகள் கோர்னோவா! முதலாம் லீக்!' என்று நீல ஐசிங்கில் ஆங்கிலத்தில் எழுதினாள். படமெடுத்து சுவீடனில் இருக்கும் அண்ணன் வாமதேவனுக்கு அனுப்பினாள்.

ஐந்து நிமிஷத்தில் அவர் போனில் வந்தார்.

"என்ன விசர் வேலை பாத்தனி? போலந்திலை முதலாம் லீக் எண்டால் இரண்டாவது! மேல இருக்கிறது எக்ஸ்ட்ராகிளாசா. உவங்கள் கீழ விழுந்திட்டாங்கள்."

"முதலாவது எப்பிடி அண்ணை இரண்டாவதாகும்?"

"இஞ்சையும் அப்பிடித்தான். மேல ஆல்ஸ்வென்ஸ்கான். இரண்டாவதுக்குப் பேர் சுப்பர் எத்தான். டிவிஷன் ஒண்டு எண்டுறது மூண்டாவது."

"அப்ப உங்கட மகன் டிவிஷன் ரெண்டிலை விளையாடுறான் எண்டு நான் ஊரெல்லாம் சொல்லி வைச்சிருக்கிறனே?"



"இஞ்சை சிக்னல் சரியில்லை. வைக்கிறன்."

பாலாம்பிகை கரண்டியை எடுத்தாள். விழுந்தவனுக்கு வாழ்த்தா? எழுத்தைச் சுரண்டினாள். நீலம் கேக் முழுக்க இழுபட்டது. அதை மறைக்கக் கறுப்பு ஐசிங் பூசி, 'உங்கள் துயரில் பங்கெடுக்கிறோம்' என்று வெள்ளையில் எழுதினாள்.

கணவர் பத்மநாதன் எட்டிப் பார்த்தார்.

"ஆர் செத்தது?"

அதையும் சுரண்டினாள். கேக் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. மிச்சக் கிறீமைத் தடவி, 'கோர்னோவா, எங்கள் உயிரே!' என்று சிவப்பில் எழுதி, பக்கத்தில் ஒரு இதயமும் போட்டாள்.

சனிக்கிழமை காலை சிபி குழாய் பூட்ட வந்தான். பத்மநாதன் தன் பங்குக்கு அவனை வாசலிலேயே கட்டிப்பிடித்தார்.

"கோர்னோவா மாதிரி ஒரு டீம் உலகத்திலை இல்லை. அடுத்த வருஷம் மேல வரும். நாங்கள் நேர்த்தி வைச்சிருக்கிறம்."

தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவர் சொல்லச் சொல்ல, சிபியின் முகம் கறுத்துக்கொண்டே போனது.

"மனுசனுக்குத் துக்கம் ஆறேல்லை. கெதியா கேக்கைக் கொண்டா!" என்றார் பத்மநாதன்.

பாலாம்பிகை பெட்டியைத் திறந்தாள். சிபி கேக்கைப் பார்த்தான். பத்மநாதனைப் பார்த்தான். கையிலிருந்த குழாயைப் பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினான். பிறகு ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினான். அவனுடைய ஆங்கிலமும் பாலாம்பிகையின் ஆங்கிலமும் நாலு வார்த்தைக்கு மேல் சந்தித்ததில்லை. இரண்டும் விளங்குகிற கௌசியோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரியாமல் சொல்லடி, அவன் போகப் போறான்!"

"அம்மா, கோர்னோவா அவரின்ரை டீம் இல்லையாம், மச்சான்ரையாம். அது விழுந்ததுக்கு மச்சானுக்கு நக்கலா வாழ்த்துச் சொல்லத்தான் கேக் கேட்டவராம்!"