ஆக்ரோஷம் என்ற கட்டம்

“உங்க ஓட்டும் பாணி என்ன சார்?” என்று கேட்டுவிட்டு, படிவத்தின் மேல் பேனாவை நிறுத்தினார் பைக் வடிவமைப்பாளர்.

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. நிதானம், உல்லாசம், ஆக்ரோஷம்.

இழப்பீடு மூன்றையும் இரண்டு முறை படித்தார். காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக விபத்துக் கோப்புகளைப் படித்து இழப்பீடு நிர்ணயித்து வந்ததில், அதுவே அவர் பெயராகிவிட்டது. படித்த ஒவ்வொரு கோப்பும் அவர் ஸ்கூட்டரின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, இப்போது இருபதில் கொண்டுவந்து விட்டிருந்தது. வளைவு வந்தால் இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி, தண்ணீரில் இறங்கும் வாத்து மாதிரி திரும்புவார். ‘நிதானம்’ என்ற கட்டமே அவருக்குச் சற்று வேகம்தான்.

அதையே சொல்லியிருப்பார். ஆனால் பக்கத்து நாற்காலியில் அவர் அலுவலக ஜி.எம். உட்கார்ந்து, தன் பைக்கின் சைலன்சருக்கு நடக்கும் பாலிஷை, பெற்ற பிள்ளைக்குத் தலை வாருவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆக்ரோஷம்,” என்றார் இழப்பீடு.

“அட! உன்னை நான் என்னவோன்னு நெனச்சேனேய்யா!” ஜி.எம். முழுசாகத் திரும்பினார். “அடுத்த மாசம் முதல் ஞாயிறு நம்ம குழு மலைக்குப் போகுது. நீயும் வா. புதுக் கிளைக்கு யாரு மேனேஜர்னு அங்கதான் சொல்லப்போறேன்.”

“எல்லாரும் எங்கேருந்து சார் கிளம்பறோம்?”

“அவனவன் தனியாத்தான். மந்தையாப் போக நாம என்ன ஆடா? பத்து மணிக்கு மலைமேல விடுதியில பார்ப்போம். ஒண்ணு சொல்றேன், சேறு இல்லாம வந்து நிக்காதே. நெஜமா ஓட்டினவன் மேலதான் சேறு இருக்கும்.”

அலுவலகத்தில் ஜி.எம். அறையில் அந்தக் குழுவின் புகைப்படம் மாட்டியிருந்தது. பதினோரு பேர், பதினோரு பைக். எல்லார் மேலும் இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை சேறு. கிளை மேனேஜர்கள் அத்தனை பேரும் அந்தப் படத்திலிருந்து இறங்கி வந்தவர்கள். இழப்பீட்டின் நாற்காலியோ கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்தது. ஒரு நாளைக்கு எழுபது பேர் “கொஞ்சம் நகருங்க” என்பார்கள். ஓய்வு பெறுவதற்குள் கதவு வைத்த ஓர் அறையில் உட்கார்ந்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

பத்து நாளில் பைக் வந்தது. ஆக்ரோஷக்காரர்கள் டேங்க் மேல் கவிழ்ந்து படுத்து ஓட்டுவார்களாம். இழப்பீடும் கவிழ்ந்தார். நடுவில் தொப்பை இருந்தது.

“என்னங்க, ஓட்டுறீங்களா, இல்ல அது மேல தூங்குறீங்களா?” என்றாள் மனைவி.

வடிவமைப்பாளரிடம் ஓடினார். “ஹேண்டில்பாரைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க.”

“தூக்கினா அது வேற ஆளுமை சார். பரவாயில்ல, உங்களுக்கு ரெண்டு ஆளுமையும் இருக்கு,” என்று தூக்கிக் கொடுத்தார். இரண்டு கையும் தலைக்கு மேல் போயின. பார்க்கிறவர்களுக்கு, யாரோ பின்னாலிருந்து துப்பாக்கியைக் காட்டி இவரை ஓட்டச் சொல்வதுபோல் இருந்தது. கூடவே, கால் தரைக்கு எட்டவில்லை. கால் தரையில் படாமல் பிரேக் பிடிப்பது அவர் வம்சத்திலேயே கிடையாது.

“சீட்டை இறக்குங்க.”

“சீட்டை மட்டும் இறக்கினா அழகு போயிடும் சார். மொத்த வண்டியையும் இறக்கிடறேன்.”

இறக்கினார். காலை முன்னால் நீட்டி, முதுகைப் பின்னால் சாய்த்து, கையை வானத்துக்குத் தூக்கி இழப்பீடு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“பல் டாக்டர் எங்க?” என்றாள் மனைவி.

சனிக்கிழமை காலையில் வெள்ளோட்டம். தெருமுனை வேகத்தடை வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. வேகத்தடையில் வண்டியின் வயிறு உட்கார்ந்துவிட்டது. முன்சக்கரம் ஒரு பக்கம், பின்சக்கரம் ஒரு பக்கம், நடுவில் இழப்பீடு பூங்காவின் சீசா பலகை மாதிரி மேலும் கீழும் ஆடினார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்த மனைவியும் பஸ் கண்டக்டரும் சேர்ந்து தூக்கிவிட்டார்கள்.

“மலைக்குப் போற வழியில இந்த மாதிரி எத்தனை இருக்கு?” என்று கேட்டாள் அவள்.

“பதினேழு.”

“பதினேழுக்கும் நான் வர முடியாதுங்க. பேசாம லாரியில ஏத்திட்டுப் போங்க. கடைசி வளைவுல இறக்கி, நாலடி ஓட்டிட்டுப் போய் நில்லுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

இருபத்திரண்டு வருடமாகப் பொய்க் கோப்புகளைப் பிடித்துக் கொடுத்த மனிதர் ஐந்து நிமிடம் மனசாட்சியோடு போராடினார். ஆறாவது நிமிடம் லாரி ஸ்டாண்டில் இருந்தார்.

லாரிக்காரர் ஏன், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. “விடியக்காலையில எனக்கு வேற ஒரு நடை இருக்கு சார். அதை முடிச்சிட்டு எட்டரைக்கு வந்திடறேன்,” என்றார்.

ஞாயிறன்று சொன்னபடி வந்தார். பைக்கை ஏற்றச் சாய்பலகையும் கட்டப் பட்டையும் அவரிடமே இருந்தன. தொழில் தெரிந்த மனுஷன் என்று இழப்பீடு மெச்சிக்கொண்டார். வழியெல்லாம் வேறு பைக் எதுவும் கண்ணில் படாததால், அவர்கள் பறந்து போயிருப்பார்கள் என்று பெருமூச்சு விட்டார். பதினேழு வேகத்தடைகளிலும் லாரி ஏறி இறங்கியபோது பதினேழு முறை மனைவியை மனதுக்குள் வாழ்த்தினார்.

கடைசி வளைவில் பைக் இறங்கியது. இழப்பீடு சாலையின் இரு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. தோள்பையிலிருந்து இரண்டு லிட்டர் பாட்டிலை எடுத்தார். வீட்டுத் தோட்டத்து மண்ணை முந்தின நாளே துணியில் சலித்து, தண்ணீர் விட்டுக் கலக்கியது. கண்ணை மூடிக்கொண்டு, புகைப்படத்தில் பார்த்தபடியே, இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார்.

பலகையை மடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் பதறிப்போனார்.

“அய்யோ சார், இதைப் போயி வீட்லேருந்து சுமந்துட்டு வந்தீங்களா? ஜி.எம். சாரும் மத்த பத்துப் பேரும் பூசிக்கிட்டது போக, அந்தப் புதருக்குப் பின்னாடி இன்னும் அரை வாளி மிச்சம் இருக்கே!”