எர்த்து அண்ணாத்தையின் டெஸ்டர்

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வந்து பெருமாளைச் சேவிக்காமல் திரும்பியவர்கள் உண்டு. எங்கள் தெருவில் குடியிருந்துகொண்டு, எர்த்து அண்ணாத்தையிடம் பாத்ரூமைக் காட்டாமல் தப்பித்தவர்கள் கிடையாது.

ஷேர் ஆட்டோக்காரர். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர். ஆட்டோவில் ஆரன் அடிக்கவே மாட்டார், ஜி.எஸ்.டி. சாலை முழுக்க, "தள்ளு மச்சான், தள்ளு" என்று வாயாலேயே கத்திக்கொண்டு போவார். ஒருமுறை பெரிய மனுஷர் என்று மதித்துப் பெண் பார்க்க அழைத்துப் போனார்கள். "பொண்ணு அப்பால வரட்டும், கீசரு எங்க கீது?" என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைக்கூட முழுதாகச் சாப்பிடவில்லை.

எங்கள் பழைய பாத்ரூமை இடித்துப் புதிதாகக் கட்டியபோதும் கூப்பிடாமலே வந்து நின்றார்.

"இரும்புப் பைப்புக்கு நடுவுல பிளாஸ்டிக்கு சொருவிகீறாங்களா?"

"ஆமாண்ணா, துருப்புடிச்ச எடத்த மட்டும் வெட்டி மாத்திட்டாங்க" என்றாள் என் மனைவி.

"எர்த்து அங்கியே பூட்ச்சும்மா! கொழாவ எல்லாம் செம்புக் கம்பியால ஒண்ணா சேத்து எர்த்துல கட்டச் சொல்லு. அதுவரிக்கும் ஒருத்தரும் குளிக்கக் கூடாது."

"புது டைல்ஸ் மேல கம்பியாண்ணா? அசிங்கமா இருக்காதா?"

அவர் பாத்ரூம் வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். எலக்ட்ரீஷியன் வரும்வரை எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு நான் குளிக்காமலேயே ஆபீஸ் போனேன்.

இவ்வளவு பேஜார் பண்ணியும் தெருவில் யாரும் அவரைக் கடிந்துகொண்டதில்லை. அவர் மனைவி அஞ்சலை அக்காவை எல்லோருக்கும் தெரியும். முட்டிவலிக்கு வெந்நீர் நல்லது என்று மனைவிக்காக ஆசை ஆசையாகக் கீசர் வாங்கி மாட்டியவர் அவர்தான். கரண்ட் கசிந்தால் மண்ணுக்குள் இறங்கட்டும் என்று, அந்தப் பழைய வீட்டில் எர்த்துக் கம்பியைத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருந்தார்கள். பிறகு பாத்ரூமை மாற்றிக் கட்டியபோது, குழாயின் நடுவே ஒரு முழம் பிளாஸ்டிக் வைத்தார்கள். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. மண்ணோடு இருந்த தொடர்பு அறுந்துபோனது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, கீசர் கசிந்து குழாய் முழுக்கக் கரண்ட். அக்கா குழாயைத் தொட்டார். வாசலில் இவர், கோயிலுக்கு நேரமாகிறது என்று ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஆரன் சத்தம் எனக்கு இன்னமும் கேட்கிறது. பாவி மனுஷர், அவருக்கு எப்படிக் கேட்டிருக்குமோ.

போன தை மாதம் மாரடைப்பில் அவரும் போய்விட்டார். குளிப்பாட்ட வேண்டும் என்றார்கள். அவர் மகன் குடத்தோடு குழாயடிக்குப் போனவன், குழாயில் கை வைக்காமல் நின்றுவிட்டான். கூடியிருந்த ஒருவரும் 'இன்னாடா நிக்கிற?' என்று கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையிலிருந்து டெஸ்டரை எடுத்து நான்தான் குழாயில் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. அவர் பார்ப்பது போலவே இன்னொரு தடவையும் வைத்துப் பார்த்தேன்.

பிறகு பெஞ்சில் படுத்திருந்தவரிடம் போய்ச் சொன்னேன்:

"கரண்டு இல்ல அண்ணாத்த. குளிக்கலாம்."