ஒப்பாரிக்கு ஆடியவர்கள்

எனக்குப் பாட வராது. அழ மட்டும் நன்றாக வரும். அந்த ஒரே திறமையை வைத்துக்கொண்டு இத்தாலியில், பலேர்மோவில் நான் பட்ட வெட்கத்தை இன்றைக்கும் என் வீட்டில் சோற்றோடு பரிமாறுகிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆறு மாதமாக எனக்கு வேலையில்லை. வேலையில்லாவிட்டால் பெர்மெஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்க மாட்டார்கள். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எங்கள் அல்பெர்கேரியா ஒழுங்கையில் இருந்த சுவா, மடகஸ்காரின் தெற்கே அன்டன்ட்ரோய் இனத்தவள், தான் சமைத்துத் துடைத்துவந்த சிஞ்ஞோரா வீட்டு வேலையை (சிஞ்ஞோரா என்றால் வீட்டுக்கார அம்மா) யாரிடமாவது கொடுத்துவிட்டு வேறு நகரத்துக்குப் போக இருந்தாள். அவளிடம் நான் வாயைத் திறக்கவிருந்த கிழமை பார்த்து, ஊரில் அவளுடைய தகப்பன் செத்துப்போனார். (என் ராசி அப்படி.)

ஞாயிறு பின்னேரம் வெள்ளைச் சேலை உடுத்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சுவா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தால் மேளம்! ஆண்கள் தடிகளை ஈட்டிபோல உயர்த்தி ஆடுகிறார்கள். பெண்கள் கைதட்டிப் பாடுகிறார்கள். வீடு மாறி வந்துவிட்டேனோ என்று திரும்பிப் போகப் பார்த்தேன். சுவா கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள்.

அவளுடைய புருஷன் குமார் மொரிசியஸ்காரர். யாழ்ப்பாணப் பெடியளோடு ஒரே குசினியில் கோப்பை கழுவித் தமிழ் பழகியவர்.

“அக்கா, இவையின்ர வழக்கம் இதுதான். அங்கை மாமான்ர மாடுகளை வெட்டி, கொம்பைக் கல்லறையிலை வைப்பினம். வாற ஆக்கள் ஆடிப்பாடி அனுப்பவேணும். சும்மா இருந்தால் செத்தவருக்கு மரியாதையில்லை. இப்ப உங்கட முறை.”

“ஐயோ, எனக்குப் பாட்டு வராது!”

“வாறதைப் பாடுங்கோ.”

செத்தவீட்டுக்கென்று எனக்குத் தெரிந்தது ஒப்பாரி மட்டுந்தான். மார்பில் அடித்துத் தொடங்கினேன். “என்ர ராசாவே” வரை நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு? அந்த மனிதரை நான் கண்டதே இல்லை. எதைச் சொல்லி அழுவது? மனதில் கிடந்தது வாயில் வந்துவிட்டது.

“ஆறு மாசமாய் வேலை இல்லையே! பெர்மெஸோ முடியுதே! உம்மட மோளின்ர சிஞ்ஞோரா வீட்டை எனக்குத் தரச் சொல்லுமையா!”

மேளக்காரர் என் நெஞ்சடிக்குத் தாளம் பிடித்தார். வீடே எழுந்து ஆடியது. எனக்கும் உசார் ஏறி, அதையே திரும்பத் திரும்ப எடுத்துவிட்டேன். இவ்வளவு நேரமும் தமிழில் கதைத்த குமாருக்குத் தமிழ் தெரியும் என்பதை அடியோடு மறந்துவிட்டேன்! (மூளையா அது?)

சுவா அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் சொன்னார். மேளம் நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது.

சுவா கிட்ட வந்தாள். அவள் சொன்னதைக் குமார் தமிழாக்கினார்.

“எங்கட ஆக்களும் செத்தவையிட்டைத்தான் எல்லாம் கேக்கிறது. நீ அப்பாவிட்டை, அதுவும் இத்தினை பேருக்கு முன்னாலை கேட்டுப்போட்டாய். இனி நான் மாட்டன் எண்டு சொல்லேலுமோ? புதன்கிழமை வா, கூட்டிக்கொண்டு போறன்.”

பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லோரும் இன்னொருமுறை பாடச் சொன்னார்கள். அப்போதுதான் நான் உண்மையாகவே அழுதேன்.

அந்த வீட்டில் பதினொரு வருடம் வேலை செய்தேன். என் மகளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம் நேரே கேட்பதில்லை. சுவரில் இருக்கும் என் மாமனாரின் படத்துக்கு முன்னால் நின்று மார்பில் அடிப்பாள்: “என்ர அப்பப்பாவே, அம்மாவை ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தரச் சொல்லுமையா!” என் புருஷன் மேசையில் தாளம் போடுவார்.

கேட்டது செத்தவரிடம். நான் எப்படி மறுப்பது? வாங்கிக் கொடுத்தேன்.