அரட்டை டிராம்

"இன்னுமா இறங்கலை அவங்க?" என்று சீறினார் பரிதோஷ் லாகிரி.

"பேச்சு முடியலையாம் சார்," என்றார் நடத்துநர் நிமாய்.

லாகிரி, வடகல்கத்தாவின் டிராம் பணிமனை ஒன்றுக்கு மேலாளர். கூடுதல் வருமானம் காட்டாவிட்டால் அவருடைய வழித்தடம் மூடப்படும். அவரும் மாற்றலாகிப் பேருந்துப் பணிமனைக்குப் போகவேண்டும். டீசல் புகை அவருக்கு ஆகாது. முடிவெடுக்கும் தலைமை அலுவலக அதிகாரி இன்று வருகிறார். ஆகவே, சும்மா நின்ற டிராம் ஒன்றை அரட்டை அடிக்க வருவோருக்கு வாடகைக்கு விட்டார். அரட்டைக்கு முடிவே வைக்காத வங்காளியாகப் பிறந்தும், 'ஒரே கட்டணம். பேச்சு முடியும்வரை அமரலாம்' என்று பலகை வைத்ததுதான் பிழை.

"வெளியில காத்திருக்கிறவங்க திட்டறாங்க சார்."

"உள்ளே டீயாவது வித்துக் காசு பாரு!"

விற்றார்கள். ஒரு மண்குவளைத் தேநீரை ஆளுக்கு இரண்டு மணி நேரம் உறிஞ்சினார்கள். தொண்டை நனைந்ததால் குரல்கள் மேலும் உயர்ந்தன.

"வண்டியை எடு. குலுங்கினா தானா இறங்கிடுவாங்க."

வண்டி நகர்ந்தது. உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள். காத்திருந்தவர்களும் ஓடிவந்து தொற்றிக்கொண்டார்கள். ஒரு சுற்றுப் போய்த் திரும்பியபோது எது ருசி என்ற வாதத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்திருந்தது: முன்பாதி இலிஷ் மீன் கட்சி, பின்பாதி இறால் கட்சி.

லாகிரி பொறுக்கமாட்டாமல் ஏறினார். ஜன்னலோரம் குரங்குக் குல்லாய் அணிந்த பெரியவர் ஒருவர், இறாலுக்காக இருக்கையைக் குத்திக் குத்தி வாதாடிக்கொண்டிருந்தார்.

"ஐயா, மொஷாய், கொஞ்சம் இறங்குங்க! பெரிய அதிகாரி வர்ற நேரம். இந்தக் கூத்தைப் பார்த்தா தடத்தையே மூடிடுவாரு."

"வரட்டுமே தம்பி. அவருக்கும் ஒரு டீ சொல்லுவோம். இறால் ஒரு மீனே இல்லைங்கிறான் இந்த ஆளு, நீங்களே சொல்லுங்க நியாயத்தை!"

"எனக்கு இலிஷ்தான் பிடிக்கும்," என்று தவறிச் சொல்லிவிட்டார் லாகிரி. பின்பாதி முழுவதும் எழுந்து நின்றது. அவர் தப்பி இறங்க அரைமணி நேரம் ஆயிற்று.

மாலையாயிற்று. லாகிரி வாயிலிலேயே நின்று, தெருவைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனார்.

"அந்த அதிகாரி ஏன்ப்பா இன்னும் வரலை?"

"காலையிலேயே வந்துட்டாராம் சார். அந்தக் குரங்குக் குல்லாய்க்காரர்தான்," என்றார் நிமாய். "தடத்தை மூடறதைப் பத்திப் பேச நேரமில்லையாம், இதுக்கு மாசப் பாஸ் உண்டான்னு கேக்கறாரு."