முதலைக்குளமும் மூன்று பேராசிரியர்களும்

நம்மிடையே ஓர் இனம் உலவுகிறது. அது எதையும் ரசிக்காது, ஆராயும். "உப்பு சரியா இருக்கான்னு பார்க்கிறேன்" என்று சொல்லியே மிக்சர் பொட்டலத்தைக் காலி செய்யும். பார்த்திருப்பீர்களே? எழுபதுகளில் திருச்சியில் இந்த இனத்துக்குத் தலைமகனாக விளங்கியவர் தில்லை நகர் ஸ்தனிஸ்லாஸ். கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். மறுமலர்ச்சிக் காலக் கவிதை அவர் துறை. நானூறு வருஷத்துக்கு முன் யாரோ ஒருவன் காதலியின் புருவத்தைப் பாடிய பதினான்கு வரியை மூன்று வாரம் நடத்துவார். நான்காவது வாரம்? இன்னொரு புருவம்.

மாணவர்கள் என்ன செய்வார்கள், பாவம்! பாடப் புத்தகத்துக்குள் காமிக்ஸ் வைத்துப் படித்தார்கள். 1976இல் கல்லூரி காமிக்ஸ் ஒழிப்புக் குழு அமைத்து ஸ்தனிஸ்லாஸைத் தலைவராக்கியது. பறிமுதல் செய்ததையெல்லாம் பையில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"எரிக்கத்தானே கொண்டாந்தீங்க?" என்று கேட்டார் மனைவி டோரதி.

"எதை எரிக்கிறோம்னு தெரிய வேணாமா?"

தெரிந்துகொண்டார். சோறு ஆறுவது தெரியாமல், குழாயில் தண்ணீர் வழிவது தெரியாமல், ஒரு வாரம் விடாமல் தெரிந்துகொண்டார். கடைசிப் புத்தகத்தில் துப்பறியும் வீரன் முதலைக்குளத்துக்கு மேலே கயிற்றில் தொங்குகிறான், கயிறு அறுகிறது, 'தொடரும்'. அடுத்த பாகத்தை எந்தப் பாவியும் வகுப்புக்குக் கொண்டுவரவில்லை! தினமும் இரண்டு வேளை பைகளைச் சோதித்தார். இந்தக் கடமையுணர்ச்சியை மெச்சிய முதல்வர் பாக்கியநாதன், துறைத்தலைவர் பதவிக்கு அவர் பெயரை எழுதி வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை ஸ்தனிஸ்லாஸ் டவுன் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனார். வெள்ளையம்மாளின் பழைய பேப்பர் கடையில் தும்மித் தும்மித் தேடி, ஒரு கட்டின் நடுவே அந்தப் பாகத்தைக் கண்டு இழுத்தார். வரவில்லை. மறுமுனையை இன்னொருவர் பிடித்திருந்தார். ஒழிப்புக் குழு உறுப்பினர், சமஸ்கிருதப் பேராசிரியர் ஸ்ரீரங்கராஜன்!

"நீங்க எங்க இங்க?"

"ஒழிக்கத்தான் வந்தேன். தேவரீர்?"

"நானும் அதுக்குத்தான்."

"கிழிச்சிடாதீங்க ஐயா, ரெண்டு பேருமா உக்காந்து ஒழிங்க" என்று பேப்பர் கட்டைக் காட்டினாள் வெள்ளையம்மாள்.

உட்கார்ந்தார்கள்.

"திருப்பட்டுமா?"

"செத்த இருங்கோ, முதலை இப்பத்தான் வாயைத் திறந்துண்டிருக்கு."

வாசலில் நிழல் விழுந்தது. பழைய பேப்பர் போட வந்த முதல்வர்! ஸ்தனிஸ்லாஸ் கணக்குப் போட்டார்: பதவி போச்சு, மானமும் போச்சு. ஆனால் அந்த இனம் அவ்வளவு லேசில் அழியுமா?

"ஆராய்ச்சி சார்! பதினாலு வரிக் கவிதையும் பதினாலு கட்டப் படக்கதையும், ஓர் ஒப்பீடு."

முதல்வர் குனிந்து எண்ணினார். "ஒம்பது கட்டம்தானே இருக்கு?"

"மீதி அஞ்சைத்தான் சார் தேடிக்கிட்டிருக்கோம்."

முதல்வர் யோசித்தார். பிறகு கட்டின் ஓரத்தில் அவரும் உட்கார்ந்து தேடத் தொடங்கினார்.

பதவி கிடைத்தது. 1984இல் காமிக்ஸ் விருப்பப் பாடமாகவே வந்துவிட்டது. ஸ்தனிஸ்லாஸ்தான் நடத்தினார், மூன்று வாரத்துக்கு ஒரு கட்டம் வீதம். மாணவர்கள் காமிக்ஸை அடியோடு விட்டுவிட்டார்கள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் மகளுக்கு வாங்கிய படக்கதையை, "எழுத்துப் பிழை இருக்கான்னு பார்த்துட்டுத் தரேம்மா" என்று பிடுங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனவர் யார்? குழந்தை இன்னும் படிக்கட்டில் நிற்கிறாள். கொடுத்துவிடுங்கள்.