கதாநாயகனுக்கு மீசை கூடாது

"உன் கதாநாயகனுக்கு எதுக்குடி மீசை?" என்று கேட்டார் பஞ்சநதம்.

அவர் மனைவி ஞானாம்பாள் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவள். ஆனால் பஞ்சநதத்தின் சிவப்புப் பேனாவுக்குத் தப்பி எந்தக் கதையும் தபாலுக்குப் போனதில்லை. அவளுக்கு வரும் கடிதங்களையும் அவர்தான் பிரிப்பார். மனுஷனுக்கு வேறென்ன வேலை? சர்க்கார் நில உச்சவரம்பென்று ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கரில் கோடு கிழித்ததும் வக்கீலிடம் ஓடி, இருபத்தாறு ஏக்கருக்கு மேல் வரும் நாலு வேலியில் பாதியை அவள் பேருக்கு மாற்றி, வக்கீல் நீட்டிய காகிதங்களிலெல்லாம் இருவருமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர். ஒரு குழி நிலம் போனாலும் அவருக்கு உயிர் போய்விடும்.

"வாலிபன்னா மீசை இருக்காதாங்க?"

"எந்த வாலிபனைப் பாத்து எழுதின? எடு மீசையை!"

எடுத்தாள். தலைமுடியையும் எடுக்கச் சொன்னார். கையில் மூக்குப்பொடி டப்பா கொடுக்கச் சொன்னார். இப்போது கதாநாயகன் அசல் பஞ்சநதம்தான். கதை வந்ததும் தொண்ணூறு கடிதம்! அந்தப் பொடிக்காரரைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். எழுதியவர்களில் பாதிப் பேர் ஆண்கள். பஞ்சநதத்துக்கு வயிறு எரிந்தது.

"இனிமே உன் கதையில ஆம்பளையே வரக் கூடாது."

அப்படியே எழுதினாள். ஆண்வாடையே இல்லாத புதுமைக் கதை என்று பத்திரிகை கொண்டாடியது. கொண்டாடியதோடு விட்டதா? அவள் போட்டோவையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போட்டுத் தொலைத்தது.

மறுவாரம் டீக்கடை காதர் மைதீன் சொன்னார்: "அய்யா, ரெண்டு நாளா ஒருத்தர் சைக்கிள்ல சுத்தறாருங்க. ஞானாம்பாள் எந்த வீடு, கூட யார் இருக்காங்கன்னு விசாரிக்கறாரு."

"மீசை இருக்கா?"

"ரெண்டு விரல் கனத்துக்கு இருக்குங்க."

பஞ்சநதம் பாதி டீயை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். வாசலில் சைக்கிள்! பக்கத்தில் மீசை!

"ஞானாம்பாள் இருக்காங்களா?" என்றார் வந்தவர்.

"நீ யார்றா அவளைக் கேக்க?"

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

அடேயப்பா, என்ன தைரியம்! கதவோரம் நின்ற ஞானாம்பாள் கையைப் பிசைந்தாள். "என்னங்க, பேசாம உள்ள வாங்களேன். அவர் கையில ஃபைல் இருக்கு பாருங்க."

"அது நிறைய உன் கதையைக் கத்தரிச்சு வச்சிருப்பான்! என்னை உள்ள தள்ளிட்டு நீ இவன்கிட்டப் பேசணுமா?"

"ஐயோ, அதில்லைங்க..."

"நீ சும்மா இரு!" வந்தவர் பக்கம் திரும்பினார். "தாலி கட்டின புருஷன்டா நான்! இருபது வருஷமா ஒரே வீடு, ஒரே உலை, ஒரே பாய். ஒரு நாள் பிரிஞ்சு இருந்ததில்ல. வேணும்னா எழுதிக்க!"

வந்தவர் நிதானமாக எழுதிக்கொண்டார். "ஒரு கையெழுத்துப் போடறீங்களா?"

"ஒண்ணென்ன, ஒன்பது போடறேன்!" பஞ்சநதம் அதே சிவப்புப் பேனாவை எடுத்து, தாள் கிழிகிற மாதிரி போட்டார்.

ஞானாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரொம்ப நன்றிங்க" என்று ஃபைலை மூடினார் வந்தவர். "நான் துரைராசு, உச்சவரம்பு ஆபீஸ்ல இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் விவாகரத்து ஆகித் தனித்தனியா இருக்கறதா கோர்ட்டுத் தீர்ப்பு தாக்கல் பண்ணியிருக்கீங்களே, அது நெசந்தானான்னு விசாரிச்சிட்டுப் போகத்தான் வந்தேன்."